கப்பலுக்குப் போன கார்

பெனடிக்ற் பள்ளிமுனையில் பிறந்தவன். ஆனாலும் கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டு நகர்ந்தாலே குடல் புரட்டிக்கொண்டு வரும். தகப்பனும் தமையன்மாரும் சில தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, இவன் மீன்பிடித் தொழிலுக்கு உதவமாட்டான் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அவன் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கராஜில் சேர்ந்து கரியிலும் கிறீஸிலும் வளர்ந்தான். செலீனாவைக் கலியாணம் கட்டி இரண்டு வருசத்தில் ஒரு பழைய காரும் வாங்கினான்.

அது இத்தாலியில் செய்த பியற் ஆயிரத்து நூறு. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் ஓடி அலுத்து விற்றது. "பாப்பரசற்றை ஊர்க்காரி. ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டுதான் கப்பலேறினவள்" என்று ஆஸ்பத்திரிக்கு முன்னால் வாடகை ஹயருக்கு நிற்கும் மற்ற றைவர்மாருக்குச் சொல்லுவான். அவர்களும் அதை இத்தாலிக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

இத்தாலிக்காரி சூடு தாங்கமாட்டாள். மன்னார்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் வருசக்கணக்காகப் படிந்து ரேடியேற்றரின் குழாய்களைப் பாதி அடைத்துவிட்டன. ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே தண்ணீர் போய்வரும் றப்பர் ஹோஸ் உளுந்துவடை போல வெடித்துக் கிடந்தது. மாற்றலாம் என்றால் சாமான் இல்லை. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. சாப்பிடுகிற பாணுக்கே விடிய எழும்பி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது; இத்தாலி ஹோஸுக்கு எங்கே போவது? கொழும்புக்கு இரண்டு தரம் ஆள் விட்டும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

அதனால்தான் அந்த ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு மற்றக் கார்கள் எல்லாம் சனத்தை அடைத்துக்கொண்டு போக, பெனடிக்ற் மட்டும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தின் கீழ் நின்றான். மடு வரைக்கும் வண்டி தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அதை மற்றவர்களுக்குச் சொல்ல அவனுக்கு வெட்கம். "எனக்கு இஞ்சை ஹயர் இருக்கு" என்று சொல்லிவிட்டான். காலையில் இருந்து ஒரு ஹயரும் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

அப்போதுதான் அந்த மனிதன் ஆஸ்பத்திரிக் கேற்றுக்குள்ளிருந்து வந்தான். முழங்காலோடு நிற்கும் வேட்டி. அதன்மேல் எந்தக் காலத்திலோ யாரோ துரை போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டு. கையில் பழஞ்சேலையில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்று. காரிலிருந்து நாலு முழம் தள்ளி நின்று, கையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டான்.

"ஐயா, தலமன்னாரு கப்பலுக்குப் போகணுங்க."

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்த வருசங்களில் தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் எங்கோ இருந்து கையெழுத்து வைத்தன என்று, பாட்டன் பூட்டன் காலம் தொட்டு இங்கே கொழுந்து பறித்தவர்கள் சட்டிபானையோடு றெயினேறி மன்னாரைக் கடந்து போனார்கள். பெட்டிகளுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வரும். சனம் அந்த றெயினுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்திருந்தது. கேட்டுக் கேட்டு மன்னார் ஆக்களுக்கு அந்தச் சத்தம் பழகியும் விட்டது.

பெனடிக்ற் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பெட்டி படுக்கை ஒன்றும் இல்லை. யாரோ சொந்தக்காரரை வழியனுப்பப் போகிறான் என்று தானாகவே முடிவு கட்டினான்.

"ஏறு. பின்னுக்கு ஏறு. கதவை அடிச்சுச் சாத்தாதை, கழண்டு போகும்."

அந்த மனிதன் ஏறி, இருக்கையின் விளிம்பில், முதுகு சாயாமல் இருந்தான். முடிச்சை மடியில் வைத்துக்கொண்டான்.

தாராபுரம் வரைக்கும் வண்டி நல்லபடி ஓடியது. எருக்கலம்பிட்டிச் சந்தி தாண்டியதும் சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. பெனடிக்ற் வேகத்தைக் குறைத்தான். கடல்காற்று முன்னாலிருந்து வீசினால் சமாளித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் காற்று அன்றைக்குப் பின்னாலிருந்து வீசியது. வண்டிக்குள் மணல்தான் வந்தது. பேசாலையில் கோயிலைக் கடக்கும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "மாதாவே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்" என்று முணுமுணுத்தான்.

பின்னால் இருந்தவன் ஒரு சொல்லும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவன் சேலை முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

பேசாலை கழிந்து பனைகளும் உடைமரங்களும் தவிர வேறொன்றும் இல்லாத இடம் வந்தது. அங்கேதான் பொனற்றுக்குள் 'பட்' என்று வெடித்தது. வெள்ளை ஆவி கண்ணாடியை மூடியது. பெனடிக்ற் எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தெருவோர மணலில் உருளவிட்டான்.

"சனியன்" என்றான். இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொனற்றைத் திறந்தான். மேல் ஹோஸ் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, அதன் வழியாகக் கொதிதண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. எஞ்சின் தொட முடியாத சூடு. பெயின்ற் வாசமும் எரிந்த எண்ணெய் வாசமும் மூக்கில் ஏறின.

பின்கதவு மெதுவாகத் திறந்தது. அந்த மனிதன் வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னங்க ஐயா?"

"ஹோஸ் வெடிச்சுப் போட்டுது. கட்டலாம். பயப்பிடாதை. டிக்கியுக்குள்ளை வாளி கிடக்கு. அந்தப் பனைக்குள்ளை ஒரு கிணறு இருக்க வேணும். தண்ணி அள்ளிக்கொண்டு வா."

அவன் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். அதைப் பார்த்தும் பெனடிக்ற் ஒன்றும் யோசிக்கவில்லை. தோட்டத்து ஆக்கள் சொன்னதும் ஓடுவார்கள் என்று நினைத்தான்.

வேலை என்று வந்துவிட்டால் பெனடிக்ற்றுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். டிக்கியில் பழைய சயிக்கிள் ரியூப் ஒன்று வைத்திருந்தான். அதைக் கத்தியால் நீளமாகக் கீறினான். ஹோஸைப் பிடித்திருந்த வளையங்களைச் சாக்கால் பொத்திப் பிடித்துத் தளர்த்தினான். ஹோஸைக் கழற்றி மணலில் போட்டு, ஆறவிட்டு, கிழிசலின் மேல் ரியூப்பை இழுத்து இழுத்துச் சுற்றினான். அதற்குமேல் செப்புக் கம்பி. ஒவ்வொரு சுற்றையும் குறட்டால் முறுக்கினான். ஹோஸ் கழன்ற இடத்தில், சூட்டுக்குத் திறந்து மூடுகிற சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது துருப்பிடித்துப் பாதியில் இறுகிக் கிடந்தது. அதையும் நெம்பி எடுத்து எறிந்தான். இனித் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். நல்ல வேலை. தன் கைவேலையைத் தானே பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பேசாலைப் பக்கமிருந்து சிவப்பு பஸ் ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு வந்தது. தலைமன்னார் பஸ். கார் கிடந்த கோலத்தைப் பார்த்து வேகம் குறைத்தது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு சிரித்தான்.

"என்ன பெனடிக்ற், இத்தாலிக்காரி குளிக்கிறாவோ? ஆக்கள் இருந்தால் ஏத்திவிடு, கொண்டுபோய் விடுறன்."

பஸ்ஸுக்குள்ளிருந்த சனமும் சிரித்தது. பெனடிக்ற்றுக்குக் காது சூடாகியது. மடுவுக்குப் போக வக்கில்லாதவன் தலைமன்னாருக்கும் போக வக்கில்லாதவனா?

"போ, போ. எல்லாம் முடிஞ்சுது. இப்ப வெளிக்கிட்டிடுவம்."

தோட்டத்து மனிதன் நிறைந்த வாளியோடு பனைகளுக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வந்தான். பஸ்ஸைப் பார்த்தான். பெனடிக்ற்றைப் பார்த்தான். வாய் திறந்ததுபோல் இருந்தது. பஸ் கியர் மாற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அவன் வாளியைத் தண்ணீர் சிந்தாமல் மணலில் வைத்துவிட்டு, புழுதி அடங்கும் மட்டும் அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹோஸைப் பூட்டி முடித்தாயிற்று. இனித் தண்ணீர் விட வேண்டும். ஆனால் உடனே விட முடியாது. அவ்வளவு சூட்டில் இருக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். கராஜில் முதலாளி முதல்நாள் சொல்லித் தந்த பாடம் அது. ஆறட்டும் என்று பெனடிக்ற் பனை நிழலில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைத்தான். தெருவில் இரண்டு கழுதைகள் நின்றன. அந்த மனிதன் நிழலுக்கு வரவில்லை. காரின் பக்கத்தில், வெயிலில், வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சாலை வந்து இரு. ஆற நேரமெடுக்கும்."

"பரவால்லீங்க."

"உன்ரை பேர் என்ன?"

"முத்துவீரனுங்க."

"எந்தப் பக்கம்?"

"பதுளைப் பக்கமுங்க."

பீடி பாதி எரிந்த பிறகு, பொழுது போகட்டும் என்றுதான் பெனடிக்ற் அதைக் கேட்டான்.

"ஆரைக் கப்பலேத்தி விடப் போறாய்?"

"ஏத்திவிட இல்லீங்க. நாந்தாங்க போகணும். புள்ளைங்க மூணும் அங்கன இருக்குதுங்க, மச்சினனோட."

பெனடிக்ற் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"எந்தக் கப்பலுக்கு?"

"இன்னிக்குக் கப்பலுங்க."

பெனடிக்ற் எழும்பிவிட்டான். வெயிலைப் பார்த்தான். கப்பல் வெளிக்கிடும் நேரம் நெருங்கிவிட்டது என்று நிழலே சொல்லியது.

"நீ ஏன் பிள்ளையளோடை நிக்கேல்லை? மன்னாரிலை என்ன செய்தனீ?"

முத்துவீரன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குப் பதில் சொல்பவன் மாதிரி. "முந்தாநாளு கோச்சியில வாறப்பவே பொஞ்சாதிக்கு வயித்தால போய்க்கிட்டே இருந்துச்சுங்க. தோட்டத்துலயே சாப்பாடு சரியில்ல, ஒடம்புல ஒண்ணும் இல்ல. மன்னாருல எறக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. புள்ளைங்கள மச்சினன் கூட்டிக்கிட்டுப் போனாரு. அம்மாவக் கூட்டிக்கிட்டு கப்பலுக்கு வந்துருவேன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு எறங்குனேங்க."

"இப்ப பெண்சாதி?"

"காலையில பொதைச்சிட்டோமுங்க. ஆசுபத்திரி ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க. அதுல இன்னிக்குக் கோச்சியும் போயிருச்சு."

காருக்குள் அவன் மடியில் வைத்திருந்த சேலை முடிச்சு யாருடையது என்று பெனடிக்ற்றுக்கு இப்போதுதான் விளங்கியது.

"அட மனிசா! இவ்வளவு நேரமும் ஏன் வாயைத் திறக்கேல்லை? பஸ் போகேக்கையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க இப்ப வெளிக்கிட்டுடுவோம்னு சொன்னீங்க. அதான் சாமி..." என்றான் முத்துவீரன். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதுதான் பெனடிக்ற்றுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவன் பீடியை வீசிவிட்டு வாளியைத் தூக்கினான். எஞ்சினில் கைவைத்துப் பார்த்தான். கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. இன்னும் அரைவாசிகூட ஆறவில்லை. இந்தச் சூட்டில் தண்ணீர் விட்டால் என்ன நடக்கும் என்று மன்னார்த் தீவில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. சாக்கைச் சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திருகினான். உள்ளே மிஞ்சியிருந்த கொதிநீர் குபுக்கென்று பொங்கி முழங்கை வரைக்கும் அவித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினான். முதலில் சீறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டான். ஆனாலும் வாளி முடியும் தறுவாயில் எஞ்சினுக்குள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கண்ணாடித் தம்ளர் கீறுகிற மாதிரி.

பெனடிக்ற் ஒரு கணம் கண்ணை மூடினான். "ஏறுங்கோ" என்றான். "முன்னுக்கு ஏறுங்கோ. கெதியா."

எஞ்சின் பிடித்தது. இருமிக்கொண்டு, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல், நொண்டிக்கொண்டு ஓடியது. பின்னால் புகைக்குழாயிலிருந்து வெள்ளை ஆவி தெருவை மூடியது. தண்ணீர் எஞ்சினுக்குள்ளே போகிறது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வெடித்துவிட்டது. பெனடிக்ற் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மிதியை அமத்திப் பிடித்தான். சூட்டு முள் கடைசி வரைக்கும் போய் அங்கேயே நின்றது. எதிரே வந்த மீன் லொறிக்கும் ஆடுகளுக்கும் விடாமல் ஹோர்ன் அடித்தான். சுட்ட கையில் தோல் கழன்று ஸ்ரியறிங்கில் ஒட்டியது.

முத்துவீரன் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தரம்தான் பேசினான். "மூத்தது செவனம்மா வெவரமான புள்ளைங்க. அது ஏறாதுங்க, நான் வராம."

தலைமன்னார்க் கிராமம் தாண்டி, இறங்குதுறைக்குப் போகிற நேர்த்தெருவில் கார் ஏறியபோது தூரத்தில் கப்பலின் புகை தெரிந்தது. அந்த இடத்தில் எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் எழுந்தது. ஒரு உதறல். பிறகு சில்லுகள் மட்டும் உருண்டன. அதுவும் நின்றது.

இருவரும் இறங்கி ஓடினார்கள். பெனடிக்ற் முன்னால் ஓடினான். கத்திக்கொண்டு ஓடினான். யாருக்குக் கேட்கும் என்று அவனுக்கே தெரியாது. சுங்கக் கொட்டகையைத் தாண்டி, காவல்காரனைத் தள்ளிவிட்டு, கடலுக்குள் நீண்டு கிடந்த அந்த மரப்பாலத்தில் ஏறியபோது கப்பல் பாலத்தை விட்டு விலகி, மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் சனம் கறுப்பாக நின்றது. முகம் தெரியாத தூரம்.

முத்துவீரன் பாலத்தின் நுனிவரைக்கும் ஓடினான். "செவனம்மா!" என்று ஒரு தரம் கூப்பிட்டான். அப்படி ஒரு சத்தம் அந்த மெலிந்த உடம்புக்குள் இருக்கும் என்று பெனடிக்ற் நினைத்திருக்கவில்லை. கப்பல் ஊதியது. அவன் மறுபடி கூப்பிடவில்லை.

இறங்குதுறையில் மூட்டை தூக்கும் கிறகரி பெனடிக்ற்றின் சிநேகிதன். அவன்தான் வந்து சொன்னான். "பிள்ளையள் ஏறமாட்டம் எண்டு குளறினதுகள், பெனடிக்ற். அம்மாவும் அப்பாவும் வரவேணும் எண்டு. ஏறாட்டில் எல்லாற்றை பேரும் வெட்டுப்படும் எண்டு கந்தோர்க்காரன் சொல்லிப்போட்டான். மாமன்காரன்தான் சின்னதைத் தூக்கித் தோளிலை போட்டுக்கொண்டு ஏறினவன். பெரிய பெட்டை கடைசி மட்டும் இந்தத் தெருவையே பார்த்துக்கொண்டு நிண்டது."

பெனடிக்ற் அதை முத்துவீரனுக்குச் சொல்லவில்லை. பாலத்து நுனியில் அவன் பக்கத்தில் போய் நின்றான். கப்பல் சின்னதாகிக்கொண்டு போனது. கன நேரத்துக்குப் பிறகு முத்துவீரன் திரும்பினான். அவன் கண் பெனடிக்ற்றின் கையில் விழுந்தது.

"கை வெந்துருச்சுங்களே, ஐயா" என்றான்.

பெனடிக்ற் குந்தி இருந்து அழுதான்.

அடுத்த கப்பலில் போய்விடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் ஆக்களை அனுப்புகிற அரசாங்கக் கந்தோரில் முத்துவீரனின் பேரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். புதிதாக அனுமதி வர வேண்டும், கண்டியிலுள்ள இந்தியக் கந்தோருக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். பெனடிக்ற் அவனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் பள்ளிமுனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். காரை மீன் லொறி ஒன்று கயிற்றில் கட்டி இழுத்து வந்தது.

செலீனா நடந்ததைக் கேட்டுவிட்டுப் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். சோற்றைப் போட்டு முத்துவீரனைக் கூப்பிட்டாள். அவன் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நின்றான். கொட்டிலில் காருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துக்கொண்டான். செலீனா சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

பெனடிக்ற் எஞ்சினைக் கழற்றத் தொடங்கினான். ஒற்றைக் கையால் முடியவில்லை. கேட்காமலே முத்துவீரன் வந்து மற்றக் கையாக நின்றான். ஹெட்டைத் தூக்கித் திருப்பியபோது கீறல் தெரிந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே, தலைமயிர் அளவு. கீழே ஒரு பிஸ்ரன் சிலிண்டரோடு உருகி ஒட்டியிருந்தது. முத்துவீரன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, சாக்கில் வரிசையாக அடுக்கினான்.

"இது சரிவருங்களா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒட்டலாம். பழையபடி வராது."

"என்னாலதானுங்க ஒங்க வண்டி..."

"அப்பிடிச் சொல்லாதைங்கோ" என்று பெனடிக்ற் கத்திவிட்டான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இனி ஒருநாளும் அப்பிடிச் சொல்லாதைங்கோ."

அந்த பஸ்ஸைப் பற்றி அவன் எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்தான். சிரித்தார்கள் என்பதற்காகத்தான் அனுப்பினேன், வேறு ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல நினைத்தான். சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதன் 'பரவால்லீங்க' என்றுதான் சொல்லுவான். அதைக் கேட்கப் பெனடிக்ற்றுக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மூன்று கப்பல்கள் போன பிறகுதான் அனுமதி வந்தது. செலீனா ஒரு வேட்டியும் கட்டுச்சோறும் கொடுத்தாள். பெனடிக்ற் பஸ்ஸில் கூடப் போனான். இறங்குதுறையில் முத்துவீரன் காலைத் தொடக் குனிந்தான். பெனடிக்ற் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"அவ கெடக்குற எடத்துல ஒரு பூவரசங் குச்சி நட்டுட்டு வந்தேங்க" என்றான் முத்துவீரன். "அந்தப் பக்கமா போனீங்கன்னா ஒரு பார்வ பாத்துக்குங்க."

"பார்ப்பன். கட்டாயம் பார்ப்பன்."

முத்துவீரன் சேலை முடிச்சோடு கப்பலேறினான். அன்றைக்கு அந்தக் கப்பலிலிருந்தும் அழுகைச் சத்தம் கேட்டது. ஆனால் அவன் அழவில்லை.

கப்பலில் வேலை செய்யும் ஒருவனிடம் விசாரிக்கச் சொல்லிப் பெனடிக்ற் கிறகரியை நச்சரித்தான். ஐப்பசி பிறக்கும் காலத்தில் ஒரு செய்தி வந்தது. இந்தியக் கரையிலுள்ள மண்டபத்து முகாமில் முத்துவீரன் போய் இறங்கியபோது பிள்ளைகள் அங்கே இல்லை. மச்சினன் குடும்பத்தோடு சேர்த்து அவர்களை வடக்கே ஏதோ நூல் ஆலைக்கு என்று றெயினில் அனுப்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்று முகாமில் ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் இன்னொன்று சொன்னாராம். முத்துவீரன் முகாமில் தங்காமல் தேடிப் புறப்பட்டுவிட்டான். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"கண்டுபிடிச்சிருப்பார்" என்றாள் செலீனா.

"இந்தியா பெரிய இடம்" என்றான் பெனடிக்ற்.

ஹெட்டை யாழ்ப்பாணத்தில் ஒருவனிடம் கொடுத்து ஒட்டுவித்தான். பிஸ்ரனை அராவிப் போட்டான். கார் பட்டினத்துக்குள் மட்டும் ஓடியது. மற்ற றைவர்மார் இப்போது பகிடி விட்டாலும் அவன் பதில் சொல்வதில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்காகச் செபிக்கும் ஆத்துமாக்களின் திருநாள். பள்ளிமுனைச் சனமெல்லாம் சேமக்காலையில் தங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தியது. பெனடிக்ற்றின் தகப்பனின் கல்லறையில் செபித்து முடித்ததும் செலீனா ஒரு மெழுகுதிரியை எடுத்து மடியில் வைத்தாள்.

"அது ஆருக்கு?"

"ஆஸ்பத்திரியாலை அடக்கம் செய்யிற இடத்துக்குப் போவம்."

"அவ சைவக்காரியப்பா."

"மெழுகுதிரிக்குச் சமயம் தெரியுமோ? நடவுங்கோ."

அந்த இடம் பட்டினத்துக்கு வெளியே, கள்ளிப் பற்றைகளுக்கு அப்பால் இருந்தது. வேலி இல்லை. மாரி மழை தொடங்கிவிட்டதால் மணல் கரைந்து, மேடு பள்ளம் ஒன்றும் தெரியாமல் ஒரே தட்டையாகக் கிடந்தது. பூவரசங் குச்சியைத் தேடினார்கள். ஆடு கடித்ததோ, மழை கொண்டுபோனதோ, இல்லை. குழிவெட்டுகிற கிழவன் கையை நீட்டி, "இந்தப் பக்கம்தான் எங்கையோ. ஆவணிக்குப் பிறகு கனபேர் வந்திட்டினம்" என்றான்.

இருவரும் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார்கள். பிறகு செலீனா ஓர் இடத்தைத் தானே தீர்மானித்து, முழந்தாளிட்டு, மணலில் குழிபறித்து மெழுகுதிரியை நட்டாள். காற்றுக்கு மறைவாகப் பெனடிக்ற் சாரத்தை விரித்துப் பிடித்தான். சுட்ட கையின் தோல் இன்னும் சுருங்கி வெளிறித்தான் இருந்தது. தீக்குச்சி இரண்டு அணைந்தன. மூன்றாவது பற்றியது.

செலீனா கையைக் கூப்பி, கண்ணை மூடி, பிறகு திறந்தாள்.

"பேரைச் சொல்லுங்கோ. பேர் சொல்லிச் செபிக்க வேணும்."

பெனடிக்ற் வாயைத் திறந்தான். பிள்ளைகள் மூன்று பேரின் பேரும் அவனுக்குத் தெரியும். மச்சினன் பேர் தெரியும். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தின் இலக்கம்கூடத் தெரியும். கொட்டிலில் அத்தனை நாள் பக்கத்தில் இருந்து ஒருமித்து எஞ்சின் துடைத்தவர்கள். அந்த மனிதன் ஒவ்வொரு தரமும் 'அவ' என்றான், 'புள்ளைங்க அம்மா' என்றான். இவன் கேட்கவேயில்லை.

"என்னப்பா?" என்றாள் செலீனா.

"தெரியாது" என்றான். "நான் கேக்கேல்லை."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெனடிக்ற் சாரத்தைக் கீழே விடாமல் அவளருகே முழந்தாளிட்டான்.

"செவனம்மாவின்ரை தாய் எண்டு சொல்லு" என்றான்.

செலீனா அப்படியே சொல்லிச் செபித்தாள்.